கண் பார்க்கும் நேரமும் நிறமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாணவனாக இருந்த காலத்தில் ஒரு பார்வை ஆய்வகத்தின் இருட்டறையில், தாடையைத் தாங்கியில் வைத்துக்கொண்டு, திரையில் வந்து போகும் சதுரங்களுக்குப் பொத்தான் அழுத்தியே எத்தனையோ மணி நேரம் கழித்திருக்கிறேன். முதலில் சோதிக்கப்படுபவனாக, அப்புறம் சோதிப்பவனாக. இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்கிற கேள்விகள் சில உண்டு, அவற்றுக்கான பதில்கள்தான் இவை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதிக் குழப்பம் இதில்தான் தொடங்குகிறது. எவ்வளவு வேகமாக மாறினால் கண்ணுக்குத் தெரியும் என்பது ஒரு கேள்வி. அது எப்போது நடந்ததாகத் தோன்றுகிறது என்பது இன்னொன்று. எவ்வளவு நேரம் நீடித்ததாகத் தோன்றுகிறது என்பது மூன்றாவது. "நேர உணர்வு" என்று இவை மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம், ஆனால் சோதனையில் ஒன்றை ஆட்டினால் மற்ற இரண்டும் அசையாமல் நிற்பது சர்வ சாதாரணம்.

மனிதக் கண் விநாடிக்கு எத்தனை ஃபிரேம் பார்க்கும்?

ஒற்றை எண் கிடையாது. கண்ணுக்குள் ஷட்டர் எதுவும் திறந்து மூடுவதில்லை, கோடிக்கணக்கான செல்கள் அதது தன்பாட்டுக்கு ஒளியைச் சேர்த்துச் சேர்த்து அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அளக்க முடிவது வேறொன்று: ஒரு விளக்கை எரியவிட்டு அணைத்து, எரியவிட்டு அணைத்து, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் சிமிட்டல் மறைந்து நிலையான ஒளியாகிவிடும். நல்ல வெளிச்சத்தில் அந்த இடம் பொதுவாக 50 முதல் 60 ஹெர்ட்ஸ் வரை, அதாவது விநாடிக்கு அத்தனை தடவை. வெளிச்சம் குறையக் குறைய அதுவும் இறங்கும். வெளிச்சத்தின் மடக்கைக்கு ஏற்ப அது நேர்கோட்டில் ஏறி இறங்குகிறது, இந்த உறவுக்கு ஃபெரி-போர்ட்டர் விதி என்று பெயர். மங்கலில் பார்க்க உதவும் விழித்திரைக் குச்சி செல்கள் மட்டுமே வேலை செய்கிற மிக மங்கிய ஒளியில் 20-க்கும் கீழே போய்விடும். சினிமா படம் விநாடிக்கு 24 ஃபிரேம்தான், ஆனால் பழைய புரொஜெக்டர்கள் ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு மூன்று தடவை ஷட்டரால் வெட்டிக் காட்டியதற்குக் காரணம் இந்தச் சிமிட்டல்தான். அசைவு தொடர்ச்சியாகத் தெரிய 24 போதும், ஒளி சிமிட்டாமல் இருக்கப் போதாது.

சரி, அப்படியானால் 60-க்கு மேல் எல்லாம் வீணா? இல்லை. இரவில் முன்னால் போகும் வண்டியின் எல்இடி பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே சட்டென்று பார்வையை வேறு பக்கம் திருப்புங்கள். சில வண்டிகளில் சிவப்பு மணிகளைக் கோத்த மாதிரி ஒரு வரிசை தெரியும். விளக்கு விநாடிக்குச் சில நூறு தடவை அணைந்து எரிகிறது, கண் நகரும்போது ஒவ்வொரு எரிதலும் விழித்திரையில் வேறு வேறு இடத்தில் விழுகிறது, அதனால் காலத்தில் மறைந்திருந்த சிமிட்டல் இடத்தில் கோலப்புள்ளியாகச் சிதறிவிடுகிறது. 2015-இல் வந்த ஓர் ஆய்வு, கூர்மையான விளிம்புள்ள படங்களில் 500 ஹெர்ட்ஸ் வரைகூடச் சிமிட்டலின் தடயம் தெரிகிறது என்று காட்டியது. ஆகவே "கண்ணுக்கு 60 தான்" என்று யாராவது அடித்துச் சொன்னால், எந்த வெளிச்சத்தில், கண்ணை அசைக்காமலா, என்று திருப்பிக் கேளுங்கள்.

நிறத்துக்கும் இதே வேகமா?

இல்லை, நிறம் ரொம்ப மந்தம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த சோதனை இதைச் சுற்றித்தான் இருக்கிறது.

ஒரே வட்டத்தில் சிவப்பு ஒளியையும் பச்சை ஒளியையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறோம். விநாடிக்கு நாலைந்து முறை என்றால் சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை என்று தெளிவாகத் தெரியும். வேகத்தைக் கூட்டி 15, 20 ஹெர்ட்ஸ் பக்கம் வந்தால் இரண்டு நிறமும் காணாமல் போய் ஒரு மஞ்சள் வட்டம் நிற்கும். ஆனால் வட்டம் அமைதியாக இருக்காது, கொதிக்கிற பால் மாதிரி மேற்பரப்பு துடித்துக்கொண்டே இருக்கும். நிறங்கள் கலந்துவிட்டன, இரண்டுக்கும் இடையே இருந்த வெளிச்ச வித்தியாசம் மட்டும் இன்னும் சிமிட்டுகிறது. இப்போது கையில் இருக்கும் திருகியை மெல்லத் திருப்பிச் சிவப்பின் அளவைக் கூட்டிக் குறைத்தால், ஓர் இடத்தில் கொதிப்பு அடங்கிவிடும். கொஞ்சம் தாண்டினால் மறுபடி ஆரம்பிக்கும். அந்த அடங்கும் இடத்தில்தான் அந்த ஆளின் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் சம வெளிச்சம். இருட்டில் உட்கார்ந்து திருகியை முன்னும் பின்னும் ஆட்டி அந்தப் புள்ளியைப் பிடிப்பது, பழைய வானொலியில் நிலையம் தேடுவது போலத்தான்.

இதன் காரணம், விழித்திரையில் நிறம் பார்க்க உதவும் கூம்பு செல்களுக்குப் பிந்திய வயரிங். நீண்ட அலைக் கூம்பும் நடுத்தர அலைக் கூம்பும் தரும் சமிக்ஞைகளைக் கூட்டினால் வெளிச்சம், கழித்தால் சிவப்பு-பச்சை நிறம். கூட்டல் பாதை வேகமானது, கழித்தல் பாதை சாவகாசமானது. குறுகிய அலைக் கூம்புகளின் பாதை, அதாவது நீலத்துக்குப் பொறுப்பானது, இன்னும் சோம்பேறி.

வேகமாக மாறும் நிறம் தெரியவில்லை என்றால், அது மூளைக்கே போகவில்லை என்று அர்த்தமா?

போகிறது. 2007-இல் மூளை ஸ்கேன் வைத்துச் செய்த ஒரு சோதனையில் 30 ஹெர்ட்ஸில் நிறம் மாற்றிக் காட்டினார்கள். பார்த்தவர்களால் அதை நிலையான ஒளியிலிருந்து வேறுபடுத்தவே முடியவில்லை, ஆனால் பார்வைப் புறணியின், அதாவது பார்வையைக் கையாளும் மூளைப் பரப்பின், ஆரம்பப் பகுதிகள் வேறுபடுத்தின. கண் பார்த்துவிட்டது, உங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

புரொஜெக்டரில் சில சமயம் வானவில் கோடு தெரிகிறதே, கண் கோளாறா?

கோளாறு இல்லை. ஒற்றைச் சில்லு டிஎல்பி புரொஜெக்டர்கள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒரே சமயத்தில் காட்டுவதில்லை. சுழலும் நிறச் சக்கரம் வழியாக ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுகின்றன. கண் அசையாதவரை மூன்றும் ஒரே இடத்தில் விழுந்து கலந்துவிடும். பார்வையைச் சரேலென்று நகர்த்தினால் தள்ளித் தள்ளி விழுந்து பிரிந்துவிடும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து ஓடும்போது நன்றாகத் தெரியும். ஒருமுறை பார்த்துப் பழகிவிட்டால் அப்புறம் பார்க்காமல் இருப்பது கஷ்டம், எச்சரித்துவிட்டேன்.

கறுப்பு வெள்ளைத் தட்டைச் சுழற்றினால் நிறம் தெரியுமாமே?

தெரியும், செய்து பாருங்கள். ஒரு வெள்ளை அட்டை வட்டத்தில் பாதியை முழுக் கறுப்பாக்குங்கள். மீதிப் பாதியில் மையத்திலிருந்து வெவ்வேறு தூரத்தில் மெல்லிய கறுப்பு வில்கோடுகளை, மூன்று மூன்றாக, படிக்கட்டு மாதிரி ஒன்றையடுத்து ஒன்று தள்ளித் தொடங்குமாறு வரையுங்கள். நடுவில் குச்சி செருகிப் பம்பரமாக விட்டால், விநாடிக்குச் சில சுற்றுகள் என்ற நிதானமான வேகத்தில், கோடுகள் வளையங்களாகி ஒவ்வொன்றும் மங்கலான நிறம் காட்டும்: ஒரு பக்கம் செம்பழுப்பு, மறுபக்கம் நீலம். எதிர்ப்பக்கமாகச் சுழற்றினால் நிற வரிசை தலைகீழாகிவிடும்.

1894-இல் சார்லஸ் பென்ஹாம் என்ற ஆங்கிலேயர் இதை விளையாட்டுப் பொம்மையாக வெளியிட்டார், அதனால் பென்ஹாம் பம்பரம். ஆனால் குஸ்தாவ் ஃபெக்னர் 1838-லேயே இதே விளைவைப் பற்றி எழுதிவிட்டார். அட்டையில் நிறமே இல்லை. எந்த அலைநீளத்தையும் அது தனியாகப் பிரித்து அனுப்பவில்லை. கறுப்புக்குப் பின் கோடு வருகிறதா, முன் வருகிறதா என்ற கால வரிசை மட்டும்தான் வித்தியாசம். பலரும் ஒப்புக்கொள்ளும் விளக்கம், நிறப் பாதைகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகத்தில் எழுந்து அடங்குவதால் சில கால ஒழுங்குகள் அவற்றைச் சமமில்லாமல் கிளப்பிவிடுகின்றன என்பது. முழுக் கணக்கு நூறு வருடம் தாண்டியும் தீரவில்லை. ஒரு காசு செலவில்லாத பம்பரத்துக்கு இது பெரிய சாதனை.

ஒரு பொருளின் நிறமும் அசைவும் ஒரே நேரத்தில் தெரிகின்றனவா?

இதற்கு 1997-இல் லண்டனில் மூட்டூஸிஸ், ஸெமிர் ஸெகி என்ற மூளை ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட பதில் பெரிய சண்டையைக் கிளப்பியது. திரையில் சதுரங்கள் மேலும் கீழும் போய்வருகின்றன, கூடவே சிவப்பும் பச்சையுமாக நிறம் மாறுகின்றன. இரண்டு மாற்றமும் சரியாக ஒரே கணத்தில் நடக்கும்படி வைத்து, மேலே போகும்போது என்ன நிறம் என்று கேட்டால், மக்களின் பதில் பொருந்தவில்லை. "மேலே போகும்போது சிவப்பு" என்று சுத்தமாகத் தோன்ற வேண்டுமானால், திசை மாற்றத்தை நிற மாற்றத்துக்குச் சுமார் 70, 80 மில்லிவிநாடி முன்னதாக நடத்த வேண்டியிருந்தது. நிறம் முந்திக்கொள்கிறது, அசைவு பின்தங்குகிறது என்பது போல.

கொஞ்சம் முன்னால் நிறம் மந்தம் என்றானே, இப்போது முந்துகிறது என்கிறானே என்று தோன்றினால் நீங்கள் கவனமாகப் படிக்கிறீர்கள். முன்பு சொன்னது எவ்வளவு வேகமான மாற்றத்தைப் பிரித்துப் பார்க்க முடியும் என்பது. இது எப்போது நடந்ததாகத் தோன்றுகிறது என்பது. தபால் வாரத்துக்கு ஒருமுறைதான் வரும், ஆனால் வரும் நாளில் காலையிலேயே வந்துவிடும் என்ற மாதிரி.

ஸெகியின் விளக்கம் நேரடியானது: நிறத்துக்கான மூளைப்பகுதி வேறு, அசைவுக்கானது வேறு, முதலாவது வேலையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறது, முடித்த கணமே அது நம் அனுபவமாகிறது. 2002-இல் ஷின்யா நிஷிதாவும் ஆலன் ஜான்ஸ்டனும் இதை ஏற்கவில்லை. அவர்கள் கவனித்தது இது: நிறம் மாறியதும் பொத்தானை அழுத்து, திசை மாறியதும் அழுத்து என்று தனித்தனியாக வைத்தால் வேகத்தில் அந்த மாதிரி வித்தியாசம் வருவதில்லை. மாற்றங்களை மெதுவாக்கினாலும் அந்த இடைவெளி கரைந்துவிடுகிறது. அவர்கள் சொல்வது, மூளை ஒவ்வொரு நிகழ்வின்மேலும் ஒரு நேர முத்திரை குத்துகிறது. நிறம் மாறுவது ஒரே எட்டில் முடியும் மாற்றம், திசை மாறுவதோ நகர்வதிலேயே ஏற்படும் மாற்றம், அதாவது மாற்றத்தின் மாற்றம். மாற்றங்கள் விரைந்து வரும்போது மூளை திசைத் திருப்பத்தை விட்டுவிட்டு வேறெதிலோ முத்திரையைக் குத்திவிடுகிறது.

என் ஓட்டு நிஷிதா பக்கம். மூளையில் ஒரு செய்தி எப்போது வந்து சேர்ந்தது என்பதும், அந்தச் செய்தி எந்த நேரத்தைப் பற்றியது என்பதும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நேற்று நடந்ததை இன்று வந்த கடிதத்தில் படித்தால் இன்று நடந்ததாகவா நினைப்போம்?

பச்சை வருவதற்கு முன்பே பச்சை தெரியும் சோதனை என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

சோதனை உண்மை, அந்த வர்ணனைதான் மிகை. இடதுபக்கம் ஒரு சிவப்புப் புள்ளி ஒரு கணம் எரிந்து அணைகிறது, மிகச் சிறிய இடைவெளிக்குப் பின் வலதுபக்கம் ஒரு பச்சைப் புள்ளி எரிந்து அணைகிறது. இரண்டும் தனித்தனி, எதுவும் நகரவில்லை. பார்ப்பவருக்கு ஒரே புள்ளி இடமிருந்து வலமாக ஓடுவதாகத் தெரியும். அது மாக்ஸ் வெர்தைமர் 1912-இல் ஆராய்ந்த பழைய கதை. நிறம் வேறாக இருந்தால் என்ன ஆகும் என்று நெல்சன் குட்மன் என்ற தத்துவ அறிஞர் கேட்க, கோலர்ஸ், ஃபான் க்ரூனா என்ற ஆய்வாளர்கள் செய்து பார்த்து 1976-இல் எழுதினார்கள். புள்ளி மெல்ல மெல்ல நிறம் மாறும் என்றுதான் எதிர்பார்ப்போம். மாறாக, பாதி வழியில் சட்டென்று சிவப்பு பச்சையாகிவிடுகிறது.

பாதி வழியில் இருக்கும்போது வலதுபக்கப் பச்சை இன்னும் எரியவே இல்லை. ஜோசியம் எதுவும் இல்லை. பச்சை வந்து சேர்ந்த பிறகுதான் மூளை முழுக் கதையையும் எழுதுகிறது, எழுதும்போது நடுப்பகுதிக்கு முன்தேதி போட்டுவிடுகிறது. நாம் "இப்போது" என்று அனுபவிப்பது கொஞ்சம் பழைய சரக்கு.

மின்னொளிப் பின்தங்கல் (flash-lag) என்பது என்ன? அதில் நிறம் எங்கே வருகிறது?

நகர்ந்துகொண்டிருக்கும் ஒரு கோட்டுக்கு நேராக ஒரு ஒளிக்கோட்டை ஒரு கணம் மின்னவைத்தால், மின்னிய கோடு பின்தங்கி நிற்பதாகத் தோன்றும். 1994-இல் ரோமி நிஜாவன் இதைப் பெரிதாகக் கவனத்துக்குக் கொண்டுவந்தார். நிறச் சோதனை 1997-இல் அவர் செய்தது: ஓடுகிற பச்சைப் பட்டையின் மேலேயே ஒரு சிவப்புக் கோட்டை மின்னவைத்தார். விழித்திரையில் சிவப்பும் பச்சையும் ஒரே இடத்தில் விழுகின்றன, கலந்தால் மஞ்சள். பட்டை நிற்கும்போது மஞ்சளாகத்தான் தெரிகிறது. பட்டை ஓடும்போது கோடு பின்தங்கிச் சிவப்பாகவே தெரிகிறது! கூம்பு செல்களில் கலந்த நிறம் மறுபடி பிரிந்துவிட்டது என்றால், "என்ன நிறம்" என்ற தீர்ப்பு, "எங்கே இருக்கிறது" என்ற கணக்கு முடிந்த பிறகுதான் வருகிறது.

மூளை எதிர்காலத்தைக் கணித்து நகரும் பொருளை முன்தள்ளுகிறது என்றார் நிஜாவன். ஈகிள்மன், செயனோவ்ஸ்கி என்ற மூளை ஆய்வாளர்கள் 2000-இல் மறுத்தார்கள்: மின்னிய கணத்திலேயே பொருளைத் திசை திருப்பினால், பழைய திசையில் முன்தள்ளியதாகத் தெரிவதில்லை, ஆகவே மின்னலுக்குப் பின் வரும் சுமார் 80 மில்லிவிநாடித் தகவலை வைத்துத்தான் மூளை பின்னோக்கித் தீர்மானிக்கிறது என்றார்கள். இரண்டு கட்சியும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

கடிகாரத்தை நிமிர்ந்து பார்க்கும்போது விநாடி முள் ஒரு கணம் நின்றுவிடுகிறதே?

நின்ற கடிகார மாயை. கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் அந்தச் சில பத்து மில்லிவிநாடிகளில் விழித்திரையில் எல்லாம் இழுபட்டு மங்கலாக ஓடும். மூளை அதைக் காட்டுவதில்லை. வெட்டிய இடத்தை, தாவி முடித்ததும் கண்ட காட்சியை வைத்தே நிரப்பி, அது தாவத் தொடங்கியபோதிருந்தே அங்கே இருந்ததாகக் கணக்கு எழுதிவிடுகிறது. அதனால் முதல் விநாடி மட்டும் நீளும். கீலன் யாரோ (Yarrow) என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2001-இல் இதை அளந்தார்கள். தாவல் நீளமாக இருந்தால் நீட்சியும் அதற்கேற்பக் கூடியது. கண் விநாடிக்குச் சுமார் மூன்று முறை தாவுகிறது, இத்தனை வெட்டு ஒட்டும் நமக்குத் தெரியாமலே நடக்கிறது.

இமைப்பதும் அப்படியே. தமிழ் இலக்கணம் கண்ணிமைக்கும் நேரத்தை மாத்திரை என்று அளவுகோலாகவே வைத்திருக்கிறது. ஆனால் அந்த மாத்திரை நேரம் திரை போட்ட மாதிரி உலகம் இருண்டு போவதை யாரும் பார்ப்பதில்லை.

விபத்து நேரத்தில் எல்லாம் ஸ்லோ மோஷனில் தெரிந்தது. மூளை வேகமாகிவிட்டதா?

சோதித்திருக்கிறார்கள், அதுவும் மனிதர்களைக் கீழே போட்டு. 2007-இல் வெளிவந்த ஆய்வில், ஈகிள்மன் குழு தன்னார்வலர்களை 31 மீட்டர் உயரத்திலிருந்து, கயிறு எதுவும் இல்லாமல், முதுகு கீழாக வலையில் விழவைத்தது. விழுந்தவர்கள் தங்கள் வீழ்ச்சி, மற்றவர் விழுவதைப் பார்த்தபோது இருந்ததைவிடச் சராசரியாக 36% நீளம் என்றார்கள். ஆனால் மணிக்கட்டில் ஒரு சிறு திரை கட்டியிருந்தார்கள். அதில் ஓர் எண்ணும் அதன் தலைகீழ் வெளிச்சப் பிம்பமும் மாறி மாறி, சாதாரணமாகப் படிக்க முடிகிற வேகத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடியது. கண் உண்மையிலேயே ஸ்லோ மோஷனுக்குப் போயிருந்தால் விழும்போது எண் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

தொடக்கத்தில் சொன்ன மூன்று கேள்விகள் ஞாபகம் இருக்கிறதா? நீளமாகத் தோன்றியது, நுணுக்கமாகத் தெரியவில்லை. பயத்தில் நினைவு அடர்த்தியாகப் பதிந்து, திரும்பிப் பார்க்கையில் நீள்கிறது என்பதுதான் அந்தக் குழுவின் முடிவு.

நேரம் சுருங்கித் தோன்றுவதற்கும் ஒரு சாட்சி உண்டு. 2006-இல் ஜான்ஸ்டன், ஆர்னால்ட், நிஷிதா ஆகியோர் பார்வைப் பரப்பில் ஒரு பக்கத்தில் மட்டும் 20 ஹெர்ட்ஸ் சிமிட்டலைச் சிறிது நேரம் காட்டினார்கள். பிறகு அந்த இடத்தில் காட்டிய படம் மட்டும் குறைந்த நேரம் இருந்ததாகத் தோன்றியது. மறுபக்கத்தில் அப்படி இல்லை. தலைக்குள் ஒரே மையக் கடிகாரம் என்றால் இது எப்படி?

சிவப்பு அறையில் நேரம் மெதுவாகப் போகும், நீலத்தில் வேகமாகப் போகும் என்கிறார்களே?

நம்பாதீர்கள். 2014-இல் ஓர் ஆய்வு, ஆண்களுக்குச் சிவப்புத் திரை நீலத்தைவிட நீண்ட நேரம் இருந்ததாகத் தோன்றுகிறது, பெண்களுக்கு இல்லை என்றது. 2018-இல் இன்னோர் ஆய்வு, நீலம்தான் நீளமாகத் தோன்றுகிறது என்றது. இரண்டும் வந்தது ஒரே இதழில், சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸில். திரையில் இருக்கும் சிவப்பும் நீலமும் வெளிச்சத்திலும் அடர்த்தியிலும்கூட வேறுபடும். வெளிச்சம் கூடினாலே கால அளவு கொஞ்சம் நீண்டு தோன்றும். இவற்றைச் சமன் செய்யாமல் நிறத்தின்மேல் பழி போடுவது சுலபம். சுவருக்கு வண்ணம் பூச இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

ஒரு கண்ணில் மட்டும் கறுப்புக் கண்ணாடி போட்டால் என்ன ஆகும்?

ஒரு நூலில் எதையாவது கட்டி, உங்களுக்கு முன்னால் இடவலமாக நேர்கோட்டில் ஆடவிடுங்கள். ஒரு கண்ணை மட்டும் குளிர்க்கண்ணாடியால் மறைத்து, இரண்டு கண்ணையும் திறந்தே வைத்துப் பாருங்கள். ஊசல் நீள்வட்டத்தில் சுற்றுவது போலத் தெரியும், உங்களை நோக்கி வந்து, விலகிப் போய். கண்ணாடியை மறு கண்ணுக்கு மாற்றினால் சுற்றும் திசை மாறும். குறைந்த வெளிச்சத்தில் விழித்திரை சில மில்லிவிநாடி தாமதமாக அனுப்புகிறது, அதனால் அந்தக் கண் ஊசலின் பழைய இடத்தைப் பார்க்கிறது, இரண்டு கண்ணின் இடவேறுபாட்டை மூளை ஆழமாக்கிவிடுகிறது. 1922-இல் இதை விரிவாக எழுதிய கார்ல் புல்ஃப்ரிக்குக்கு ஒரு கண்ணில் பார்வை கிடையாது. தன் பெயர் தாங்கிய விளைவை அவர் பார்க்கவே முடியவில்லை.

ஆளுக்கு ஆள் மாறுமா?

நிச்சயம் மாறும், இந்தத் துறையே அங்கிருந்துதான் தொடங்கியது என்றும் சொல்லலாம். 1796-இல் கிரீனிச் வான்காணகத்தின் தலைவர் மாஸ்கலைன் தன் உதவியாளர் கின்னிப்ரூக்கை வேலையைவிட்டு நீக்கினார். நட்சத்திரம் தொலைநோக்கியின் கம்பியைக் கடக்கும் கணத்தைக் கடிகார டிக் ஒலியோடு ஒப்பிட்டுக் குறிக்க வேண்டும். உதவியாளர் குறித்தது மாஸ்கலைனுடையதைவிட 0.8 விநாடி பிந்தியிருந்தது. பின்னாளில் பெஸ்ஸல் என்ற ஜெர்மன் வானியலாளர் இதைப் படித்துவிட்டு, தேர்ந்த வானியலாளர்களுக்குள்ளேயே இப்படி நிலையான வித்தியாசம் இருப்பதைக் கண்டுபிடித்தார். பாவம் கின்னிப்ரூக், வேலை போனது போனதுதான்.

நிறத்திலும் அப்படியே. நீண்ட அலைக் கூம்பு இல்லாதவர்கள் முன்னே சொன்ன திருகிச் சோதனையில் சிவப்பை மற்றவர்களைவிடப் பல மடங்கு கூட்டிவைத்தால்தான் கொதிப்பு அடங்கும். நிறக்குறைபாடு இல்லாத இருவருக்குள்ளும் புள்ளி கொஞ்சம் தள்ளித்தான் விழும், அதனால்தான் ஒழுங்கான ஆய்வகங்களில் ஒவ்வொருவருக்கும் தனியாக அளக்கிறார்கள்.

போனிலோ கணினியிலோ இவற்றைச் செய்து பார்க்கலாமா?

வேடிக்கைக்குச் செய்யலாம். அளவெடுக்க வேண்டுமானால் திரையைச் சந்தேகியுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிவிநாடி, அதைவிடச் சின்ன நேரத்தை அது காட்டவே முடியாது. நாங்கள் ஒருமுறை சிவப்புச் சதுரம் பச்சையைவிட நீளமாகத் தோன்றுகிறது என்று இரண்டு வாரம் துள்ளிக் குதித்தோம். அப்புறம் ஒருவர் திரையில் ஒளியுணர் டயோடு ஒன்றை ஒட்டி அலைகாட்டியில் பார்த்தார். சிவப்புப் படக்கோப்பு மட்டும் பெரியது, அதைத் தொடர்ந்து வரும் வெற்றுத் திரை ஒரு ஃபிரேம் தாமதமாகிறது. சிவப்பு உண்மையிலேயே நீளமாகத்தான் இருந்தது. பார்த்தவர்களின் கண் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, நாங்கள்தான் மாயை என்று பெயர் வைத்தோம்.

ஒரு விஷயத்தில் விளையாட வேண்டாம்: முழுத்திரையில் வேகமாக மின்னும் நிறங்கள். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சிக் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் விநாடிக்குச் சுமார் 12 முறை மாறி மின்னிய சில விநாடிக் காட்சியால் 600-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பிள்ளைகள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வலிப்பு வரும் தன்மை இருப்பதே பலருக்கு அன்றுவரை தெரியாது. வீட்டில் யாருக்காவது வலிப்பு உண்டு என்றால் சிமிட்டல் சோதனைகள் எதையும் தொடாதீர்கள்.

கண்ணில் தங்கும் நிறம் எவ்வளவு நேரம் இருக்கும்?

சிவப்பை உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தால் வரும் நீலப்பச்சை நிழல், சில விநாடியில் போய்விடும். ஆனால் 1965-இல் செலஸ்ட் மக்காலோ கண்டுபிடித்தது வேறு ரகம். ஆரஞ்சு-கறுப்பு நெடுங்கோடுகளையும் நீல-கறுப்புக் கிடைக்கோடுகளையும் மாற்றி மாற்றிச் சில நிமிடம் பார்த்தால், பிறகு வெறும் கறுப்பு வெள்ளை நெடுங்கோடுகள் நீலப்பச்சைச் சாயலிலும் கிடைக்கோடுகள் ஆரஞ்சுச் சாயலிலும் தெரியும். தலையைப் பக்கவாட்டில் முழுசாகச் சாய்த்தால் நிறங்கள் இடம் மாறிக்கொள்ளும்.

1975-இல் ஜோன்ஸ், ஹோல்டிங் இருவரும் 15 நிமிடம் இப்படிப் பழக்கிவிட்டு, சிலரை அடிக்கடி சோதித்தார்கள், சிலரை ஒன்றும் கேட்காமல் அனுப்பிவிட்டார்கள். அடிக்கடி சோதிக்கப்பட்டவர்களுக்கு ஐந்தே நாளில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. அனுப்பப்பட்டவர்களில், கிட்டத்தட்ட மூன்று மாதம் கழித்து முதல்முறையாகக் கேட்கப்பட்டவர்களுக்கும் நிறம் இருந்தது. நான் ஒரு வெள்ளிக்கிழமை மாலை செய்துகொண்டு மறந்துவிட்டேன். பத்து நாள் கழித்து ஒரு கட்டுரையில் இருந்த கோட்டுப் படத்தைப் பார்த்து, இதை எதற்கு வெளிர்பச்சையில் அச்சடித்திருக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன்.